அவசரம் கேட்டவரும் அவசரப்பட்டவரும்

இந்த மாலைப் பொழுதுக்குத் தலைமை ஏற்றிருப்பவரே! சென்ற தேர்தலில் என்னைப் பதினொரு வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தி, நான் ஆறு ஆண்டுகள் அமர்ந்து தேய்த்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்புத் தங்கை நசீபா அவர்களே! மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்ப நலச் சங்கத்தின் செயற்குழுவினரே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, இவன் இன்று என்ன உளறப்போகிறானோ என்று காத்திருக்கும் பெரியோர்களே! பள்ளுருத்தியிலிருந்து பேருந்திலும், இடக்கொச்சியிலிருந்து ஆட்டோவிலும், வைப்பின் கரையிலிருந்து படகிலும் வந்து சேர்ந்த உறவுகளே! மடியில் மழலையும் மனத்தில் மலையளவு உறுதியும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மலையாளத்தை எழுதிப் படித்து, தமிழைக் காதாலும் வாயாலும் மட்டுமே காத்துவரும் இளைய தலைமுறையே! உள்ளே வந்தால் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும் என்று வாசலிலேயே நின்று சாயா குடிக்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும், தோற்றுப்போன சிவராமகிருஷ்ணனின் தலைநிமிர்ந்த வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? தோற்றவன் தலை நிமிரக் கூடாதா? தோற்றவன் மேடை ஏறக் கூடாதா? தோற்றவன் வெற்றி விழாவில் முழங்கக் கூடாதா? கூடும் ஐயா, கூடும்! அது கூடும் என்று உலகுக்குச் சொல்வதற்குத்தான் இந்தக் கூட்டமே கூடியிருக்கிறது.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, மக்களாட்சியில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. பாத்திரக்கடைக்காரனுக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று தலைவரைக் கேட்டேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தானே என்றார். அடி கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. ஆனாலும் உண்மை என்பதால் வாங்கிக்கொண்டேன்.

பேச்சுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடித்ததும் ஒரு தீர்மானம் வாக்குக்கு வருகிறது. இனிமேல் நம் சங்கத்துக்குத் தேர்தலே வேண்டாம், இரண்டு அணியும் வேண்டாம், எல்லாரும் ஒன்றாகிவிட்டோம், ஒருமனதாக ஒரே குழு, அதற்கு நசீபா தலைவர், நான் புரவலர் என்கிறது அந்தத் தீர்மானம். புரவலருக்கு ஆண்டுதோறும் ஒரு மாலை, ஒரு பொன்னாடை. தீர்மானத்தை ஆதரித்துப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று உங்களில் பாதிப்பேர் நினைக்கிறீர்கள். ஆதரிக்கப் போகிறேனா, எதிர்க்கப் போகிறேனா? நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன்பின் என் வாக்கு எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அரசு என்றால் தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் மட்டும்தானா இருக்கிறது? பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்பது பேர் கையைத் தூக்கினால் ஒரு காரியம் நடக்கும் என்றால், அங்கே அரசு இருக்கிறது. கை தூக்காத ஆறு பேர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அங்கே எதிர்க்கட்சி இருக்கிறது. நான் தலைவராக இருந்தபோது நம் சங்கத்தில் ஒன்பது பேர் என் அணி. ஆறு பேர் நசீபாவின் அணி. அந்த ஒன்பது என்ற எண் இருக்கிறதே, அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் குழந்தைகளுக்காக ஒரு பகல் காப்பகம் கட்ட முடிவு செய்தோம். சுக்குக் கிடங்கில் சலித்துப் புடைக்கும் தாய்க்கும், மீன் பதப்படுத்தும் கொட்டகையில் விரல் மரத்துப்போக நிற்கும் தாய்க்கும், பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது என்பதுதானே காலையில் எழும் முதல் கவலை? அந்தக் கவலையைக் களையத்தான் காப்பகம். நோக்கம் நல்ல நோக்கம். இடமும் கிடைத்தது, கால்வாய் ஓரத்துச் சந்தில், நசீபாவின் தையற்கடைக்கு நான்கு வீடு தள்ளி. வரைபடம் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் அடிக்கல் நாட்டத் தேதி கொடுத்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அடிக்கல்லில் என் பெயரும் வெட்டியாகிவிட்டது, அதுவும் பொன் வண்ணத்தில்! எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. செயற்குழுவின் ஒப்புதல்.

என்ன, சிரிக்கிறீர்களா? எந்த அரசும் இப்படித்தான் ஐயா. கல் வெட்டிய பிறகுதான் கருத்துக் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அதற்கு முன் இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் மன்றத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கும், பார்த்திருப்பீர்கள். "அவையில் தமிழ் மட்டுமே" என்று அதில் எழுதியிருக்கும். அதை எழுதி மாட்டியவன் அடியேன்தான். வீதியில் மலையாளம் பேசு, விற்கும் இடத்தில் மலையாளம் பேசு, வீட்டுக்குள் எப்படியும் பேசு, அவைக்குள் வந்தால் தமிழ், தமிழ், தமிழ்! இதில் எனக்கு அத்தனை பெருமை.

வரைபடத்தைப் படித்துக் காட்டினேன். வாக்கெடுப்புக்குப் போகலாமா என்றேன். நசீபா எழுந்தார். கையில் ஒரு காகிதம். மெல்லிய குரலில் சொன்னார்.

"தலைவரே, எனக்கொரு அவசரம் தரணும்."

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். தமிழில் அவசரம் என்றால் விரைவு. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நசீபா கேட்டது வாய்ப்பு. பேச ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்றார். பிறந்தது முதல் இரண்டு மொழியையும் ஒரே வாயால் பேசும் நமக்கு எந்தச் சொல் எந்த மொழி என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது? சொல் வந்தது, சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். மார்பை நிமிர்த்தினேன். "உறுப்பினரே அவசரம் கேட்கிறார்! ஆளும் அணிக்கு உள்ள அவசரம் எதிரணிக்கும் வந்துவிட்டது! இதைவிட ஒற்றுமை வேறென்ன வேண்டும்? உடனே வாக்கெடுப்பு!" என்றேன். என் அணி கைதட்டியது. ஒன்பது கை உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது. நசீபா நின்ற இடத்திலேயே நின்றார். கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் யாரோ கேட்கிறார்கள், உனக்கு மலையாளம் தெரியாதா என்று. கேளுங்கள் ஐயா, நன்றாகக் கேளுங்கள்! நானே என்னை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. இந்த மட்டாஞ்சேரியில் பிறந்த எனக்கு அவசரம் என்றால் என்ன என்று தெரியாதா? கடைக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்லும் சொல் அல்லவா அது? தெரியும். ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் காதுக்கு என்னவோ ஆகிவிட்டது. எனக்கு எது வசதியோ அந்தப் பொருளில்தான் கேட்டது. அதிகாரம் வந்தால் கண் தெரியாது என்பார்கள் சிலர். எனக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது, காதுதான் போயிற்று. தவறு மொழியில் இல்லை, தாய்மார்களே. தவறு என்னிடம் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், ஆனால் சத்தமாகச் சொல்கிறேன்.

இனி எதிர்க்கட்சியின் கதை. ஆளுங்கட்சியை மட்டும் அடித்தால் நியாயம் ஆகாதல்லவா?

அன்று மாலை நசீபாவின் தையற்கடையில் அந்த ஆறு பேரும் கூடினார்கள். அங்கே பேசியதை எனக்குச் சொன்னவர், நசீபா அணியின் படைத்தளபதி, பள்ளுருத்தி ஆட்டோ நிறுத்தத்தின் முழக்கம், தம்பி ஷிஹாப். அதோ அந்தத் தூணருகில் நிற்கிறார். மேடையில் சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள் என்றார். அதற்கே அவருக்கு ஒரு கைதட்டல் தரலாம். நன்றி.

நசீபா தன் பைக்குள் வைத்த காகிதத்தை விரித்திருக்கிறார். அதில் இருந்தவை எல்லாம் அளவுகள். உங்களுக்குத் தெரியும், கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மழை ஒரு சொட்டு இல்லாத காலையிலும் காயல் தண்ணீர் கால்வாய் வழியாக ஏறி நம் சந்துக்குள் வரும். வேலியேற்றம் என்கிறோம். அது ஒவ்வொரு முறை வரும்போதும், தையற்கடைச் சுவரில் எதுவரை ஏறியது என்று நசீபா தன் இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, துணிக்குக் கோடு போடும் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வைப்பார். ஏழு ஆண்டுக் கோடுகள்! காப்பகத்தின் தரை வரைபடத்தில் ஓர் அடி உயரம். கடைச் சுவரில் மிக உயர்ந்த கோடு இருபத்தொரு அங்குலம். அந்தத் தரையில்தான் நம் குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கப் போகிறார்கள்.

இதைக் கேட்டதும் ஷிஹாபின் முகம் மலர்ந்துவிட்டதாம். "இத்தா, நாம மிண்டாம இருந்தா மதி. தண்ணி ஏறட்டும். அடுத்த எலெக்ஷன்ல நமக்கு வோட்டும் ஏறும்" என்றாராம். வாய் திறக்காமல் இருந்தால் போதும் அக்கா என்கிறார்.

தம்பி, தலை குனியாதே. நீ சொன்னதை இந்த நாட்டில் எத்தனை பெரிய கட்சிகள் எத்தனை பெரிய கட்டடங்களில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல்கின்றன! பாலம் விரிசல் விட்டால் அவர்களுக்குப் பலகாரம் கிடைத்த மாதிரி. ஆட்சி தவறட்டும், ஆள் சாயட்டும், அடுத்தது நாம் என்று காத்திருப்பதா எதிர்க்கட்சி? வீடு எரியும்போது கை தட்டுவதா எதிர்க்கட்சி? கண்ணால் கண்ட குழியைக் காட்டாமல், விழட்டும் என்று வேடிக்கை பார்ப்பதா எதிர்க்கட்சி? இல்லை ஐயா, இல்லவே இல்லை!

நசீபா என்ன சொன்னார் என்று கேளுங்கள். குரலை உயர்த்தவில்லையாம். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையையும் உயர்த்தவில்லையாம்.

"நனையப்போற குஞ்ஞுங்க எந்த அணின்னு சொல்லு ஷிஹாபே. பின்னே நான் மிண்டாம இருக்கேன்."

நனையப்போகும் குழந்தைகள் எந்த அணி என்று கேட்கிறார்! ஓர் எதிர்க்கட்சிக்கு இதற்குமேல் என்ன இலக்கணம் வேண்டும்? புத்தகம் வேண்டுமா? பட்டம் வேண்டுமா? ஒரு தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் சொன்ன ஒரு வாக்கியம் போதாதா?

மறுநாள் காலை என் கடைக்கு வந்தார். முதலில் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கேட்டார். நம் செயலாளர் முத்துராமலிங்கம் முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார்: "உறுப்பினர் நசீபா அவசரம் கோரினார். தலைவர் அவசரத்தை ஏற்று வாக்கெடுப்பு நடத்தினார்." நசீபாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். என்னையே படிக்கச் சொன்னார். நானும் கணீரென்று படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, நான் கேட்டதும் அவசரம். நீங்க தந்ததும் அவசரம். ரெண்டும் ஒண்ணில்லே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒப்புக்கொண்டேனா? மாட்டேனே! பெரும்பான்மையில் நிறைவேறிய தீர்மானம் அம்மா, ஒன்பதுக்கு ஆறு என்றேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றேன். அடிக்கல்லையும் காட்டினேன், கடைக்குள்தான் இருந்தது, குத்துவிளக்குகளுக்கு நடுவில். அவர் அந்தக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீருக்கு நம் சங்கத்தில் வாக்கு இல்லை, அதனால் அது நம் பெரும்பான்மைக்குக் கட்டுப்படாது என்று சொல்லிவிட்டு, வரும் அமாவாசைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு என்னைச் சந்துக்கு வரச் சொன்னார். சண்டை போடவில்லை. சாலை மறியல் செய்யவில்லை. வந்து பாருங்கள் என்றார், அவ்வளவுதான்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் அணியும் போகாதீர்கள் என்றது. ஆனால் கால் கேட்கவில்லை. எட்டு மணிக்குப் போய் அந்தக் காலி மனையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றேன். வானத்தில் மேகமே இல்லை. வெயில் பளிச்சென்று அடிக்கிறது. காலடியில் தண்ணீர் சத்தம் இல்லாமல் வருகிறது. கணுக்காலை நனைத்தது. கெண்டைக்காலை நனைத்தது. எட்டரைக்கு முழங்காலை எட்டிப் பார்த்தது. நசீபா பக்கத்தில் குனிந்து நின்று, வாடிக்கையாளருக்குக் கால்சட்டை அளவு எடுப்பதைப் போல, என் காலோடு இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது அங்குலம். எண்ணைச் சொன்னார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. அந்த இடத்தில் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்!

அந்த ஈரக் காலோடு மன்றத்துக்குப் போய்ச் சிறப்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதினேன். முத்துராமலிங்கம் கொதித்தார். நிறைவேறிய தீர்மானத்தைத் திறந்தால் தலைவர் தோற்றார் என்று ஊரே சொல்லும் என்றார். சொல்லட்டும் என்றேன். பெரிய மனிதரின் தேதி தவறிவிடும் என்றார். தவறட்டும் என்றேன். உங்கள் பெயர் வெட்டிய கல் என்னாவது என்றார். அந்தக் கேள்விதான் ஐயா எனக்கு வலித்தது! ஆனாலும் கூட்டம் நடந்தது. நான் எழுந்தேன். என் கையாலேயே அந்தத் "தமிழ் மட்டுமே" பலகையைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தேன். தமிழ் மீது உள்ள காதல் குறைந்தா கழற்றினேன்? காது கேட்கட்டும் என்று கழற்றினேன். உறுப்பினர் நசீபாவுக்கு மலையாள அவசரம் தருகிறேன் என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினார். அளவுகளைச் சொன்னார். தரை மூன்றடி உயர வேண்டும் என்றார். நடக்கப் பழகும் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு வேண்டாம், சாய்தளம் வேண்டும் என்றார். என் அணியில் இருந்து கேள்விகள் பறந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஓரிடத்தில் பதில் தெரியவில்லை. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இறுதியில் பதினைந்து கை உயர்ந்தது. அடுத்த நாளிலிருந்து கட்டுமான வேலையை மேற்பார்த்தவர் யார் தெரியுமா? தண்ணீர் ஏறட்டும் என்று சொன்ன அதே ஷிஹாப். கொத்தனார் ஒரு செங்கல்லைக் கோணலாக வைத்தாலும் விடமாட்டார். எதிரணிக்காரர் மேற்பார்த்ததால்தான் அந்தக் கட்டடம் இன்று இத்தனை நேராக நிற்கிறது என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

பொன் வண்ணக் கல் எங்கே என்று கேட்கிறீர்களா? பெரிய மனிதர் வரவில்லை, கல்லும் நாட்டப்படவில்லை. என் கடை வாசலில் படிக்கல்லாகப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் என் பெயரை மிதித்துக்கொண்டுதான் குக்கர் வாங்க வருகிறார்கள்.

காப்பகம் திறந்தது. நான்கு மாதத்தில் தேர்தல் வந்தது. நான் நினைத்தேன், கட்டியவன் நான், வெல்பவனும் நான். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது வாக்கு எண்ணியபோது தெரிந்தது. பதினொரு வாக்கு! மறைக்காமல் சொல்கிறேன், ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சாயாக் கடைப் பக்கம் போகவில்லை. நன்றி கெட்ட ஊர் என்று வீட்டுச் சுவரோடு பேசினேன். எட்டாம் நாள் நசீபா கடைக்கு வந்து, எதிரணித் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது, செயற்குழுவை உங்களுக்காகத் தள்ளி வைத்திருக்கிறேன் என்றார். வென்றவர் வந்து தோற்றவனைக் கூப்பிடுகிறார்! போனேன். உட்கார்ந்தேன். முதல் கூட்டத்திலேயே மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. எனக்குக் கோபம் போயிற்று.

போன மாதம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த மேடையில் சொல்லாமல் விடலாமா? நான் கண்ட காலைகளில் அது போன்ற ஒரு காலை இல்லை. ஏழு ஆண்டுக் கோடுகளையும் தாண்டித் தண்ணீர் ஏறியது. சந்தில் இருபத்தைந்து வீட்டுக்குள் தண்ணீர். கட்டில் மிதந்தது, அரிசி நனைந்தது, தையல் இயந்திரத்தின் மிதி முழுகியது. காப்பகத்தில் அந்த நேரம் முப்பத்தொரு குழந்தைகள். தாய்மார்கள் வேலையை விட்டுவிட்டு இடுப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நானும் ஓடினேன். ஷிஹாப் ஓடினார். முத்துராமலிங்கம் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். மூன்றடி போதுமா? அளவு சரிதானா? அந்த நாற்பது நிமிடத்தில் நாங்கள் ஏதாவது கேட்க மறந்துவிட்டோமா?

போய்ப் பார்த்தால், சாய்தளத்தின் உச்சிக்கு நான்கு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கிறது. மேலே உலர்ந்த தரை. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் கமலாக்ஷி அக்கா வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துக் காவல் நிற்கிறார். அவருக்குப் பின்னால் முப்பத்தொரு முகங்கள்! ஒன்றின் சட்டை நுனிகூட நனையவில்லை. தண்ணீரில் தத்தளித்து வரும் எங்களைப் பார்த்து அத்தனையும் கைகொட்டிச் சிரிக்கின்றன!

கைதட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! அந்தக் கைதட்டல் எனக்கு இல்லை, நசீபாவுக்கும் இல்லை. கேட்ட வாய்க்கும், கடைசியில் திறந்த காதுக்கும் அது சேரட்டும். அன்று சந்தே அந்தத் தரையில் ஏறிக்கொண்டது. அடுப்பு வந்தது, சாயா வந்தது, கப்பைக் கிழங்கு வெந்தது. இரண்டு அணியும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டில்தான், அன்பர்களே, இன்றைய தீர்மானம் பிறந்தது. இனி நமக்குள் என்ன அணி, என்ன தேர்தல், எல்லாரும் ஒன்று என்று யாரோ கண் கலங்கச் சொன்னார். எல்லாரும் கண் கலங்கினோம். நானும்தான். நசீபாவும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் வாக்கைச் சொல்கிறேன்.

அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்!

சத்தம் போடாதீர்கள், சற்றுப் பொறுங்கள். முன்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அன்புக்கு எதிரியா நான்? ஒற்றுமைக்கு உலை வைக்கிறேனா? இல்லை பெரியோர்களே. எண்ணிப் பாருங்கள். அன்று நம் சங்கத்தில் ஒரே குழு இருந்து, நான் தலைவராகவும் நசீபா புரவலராகவும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு மாலை விழுந்திருக்கும். பொன்னாடை விழுந்திருக்கும். ஓர் அடி உயரத் தரையும் விழுந்திருக்கும். மாலை போட்ட கழுத்து குனிந்துதான் இருக்கும், எழுந்து நின்று கேள்வி கேட்காது. அந்தக் குழந்தைகளை உலர்ந்த தரையில் உட்கார வைத்தது நம் ஒற்றுமை அல்ல. நம் வேற்றுமை! ஒரு பெண் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் அவை பிழைத்தன!

ஆளுவோரே, உங்களை எதிர்க்கிறவன் உங்கள் பகைவன் அல்ல. நீங்கள் பார்க்காத சுவரில் கோடு போட்டு வைத்திருப்பவன் அவன். அவனைப் பேச விடுங்கள். பேசிய பிறகும் உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள், ஆனால் பேச விட்டுச் செய்யுங்கள். எதிர்ப்போரே, ஆட்சி தவறும் நாளுக்காகத் தவம் கிடக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், நேரத்தில் சொல்லுங்கள், அதனால் ஆளுங்கட்சிக்கு நல்ல பெயர் வந்தாலும் சொல்லுங்கள். வந்தால் வரட்டுமே! தோற்றால் வீட்டுக்குப் போகாதீர்கள், எதிர்வரிசைக்குப் போங்கள். வென்றால் எதிர்வரிசை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காலியாக இருந்தால் போய்க் கூப்பிடுங்கள். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று படித்தேன்.

தங்கை நசீபா! நீங்கள் தவறே செய்யமாட்டீர்கள் என்று இந்த ஊர் நம்புகிறது. நானும் நம்பிவிடுவேனோ என்றுதான் பயப்படுகிறேன். எனக்குக் காது போனது போல் உங்களுக்கும் ஒரு நாள் போகும். நல்லவருக்கும் போகும். அந்த நாளில் உங்கள் கடைக்கு வந்து நிற்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாக நான் இருக்கிறேன். எனக்கு மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், புரவலர் பட்டம் வேண்டாம். உங்களுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போடுங்கள், போதும்!

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் ஆகிவிட்டது என்று எழுதியிருப்பார். பொறுங்கள், மலையாள எழுத்தில் இருக்கிறது, படிக்கிறேன்.

அன்பர்களே, இதில் நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. "அண்ணே, அந்தத் தீர்மானத்த நான் பின்வலிச்சு. அடுத்த கூட்டத்துல என்ன கேக்கப்போறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா, நான் படிச்சிட்டு வரலாம்" என்று எழுதியிருக்கிறார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்!

வென்றோம்! இரண்டு அணியும் வென்றோம்! தேர்தல் வென்றது, எதிர்வரிசை வென்றது, இந்த எளிய மட்டாஞ்சேரியில் மக்களாட்சி வென்றது!

தலைவரே, கேள்வியை முன்கூட்டியே சொல்ல முடியாது. காப்பகத்தின் பின்பக்கக் குழாயைப் பற்றியது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இவ்வளவு நேரம் என் குரலைத் தாங்கிய உங்களுக்கும், ஒலிபெருக்கியைத் தாங்கிய நண்பருக்கும், முழு உண்மையையும் சொல்லவிட்ட தம்பி ஷிஹாபுக்கும், என்னைத் தோற்கடித்துத் திருத்திய பதினொரு பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்தப் பதினொரு பேர் யார் என்று நான் தேடவில்லை, இருந்த இடத்திலேயே என் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நான் போய் எதிர்வரிசையில் உட்காருகிறேன்.